குலுக்கைக்குப் பின்னால் பதினோரு நாள்

கடமலைக்குண்டில் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டில் ஒரு மண் குலுக்கை நிற்கிறது. ஆள் உயரம் இருக்கும். தாத்தா காலத்தில் கம்பும் சோளமும் கொட்டி வைத்தது; இப்போது உள்ளே பழைய பித்தளைப் பாத்திரங்கள் கிடக்கின்றன. குலுக்கைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் இருட்டுச் சந்து. அண்ணன் மகள் சென்னையிலிருந்து இரவெல்லாம் காரில் வைத்துக் கொண்டுவந்த பூனை, கூடையைத் திறந்ததும் வயிறு தரையில் உரச ஓடிப்போய் அந்தச் சந்துக்குள் நுழைந்துகொண்டது. பதினோராம் நாள் வரை பகல் வெளிச்சத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

கைவிடப்பட்ட விலங்குகளைப் பராமரிக்கும் ஒரு காப்பகத்தில் படிவம் நிரப்பி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி அவள் வாங்கி வந்த தெருப்பூனை அது. வெள்ளை உடம்பில் செவலையும் கருப்புமாகத் திட்டுகள். பல்லைப் பார்த்து இரண்டு வயது இருக்கும் என்று காப்பகத்து மருத்துவர் அட்டையில் எழுதியிருந்தார். பெயர் மோச்சா. எங்கள் அம்மா வாயில் அது முதல் நாளே மொச்சை ஆகிவிட்டது.

"ஏத்தா, நம்மூர்ல இல்லாத பூனையா? பஞ்சுக் கிட்டங்கிப் பக்கம் போனா அஞ்சாறு குட்டி கெடக்கும். இதுக்குப் போயி காரு வச்சுக் கொண்டாந்திருக்கியே" என்று பேத்தியிடம் கேட்டார் அம்மா. பிறகு சந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதென்ன, இடது காது நுனியைக் காணோம்? எந்தப் பாவி அறுத்தான்?" என்றார்.

அம்மா கேட்ட இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டாவதைப் பிறகு பார்ப்போம். முதல் கேள்விக்குள் எங்கள் பக்கத்து வழக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது. யார் வீட்டிலாவது பூனை குட்டி போட்டால் கேட்டு வாங்கி, வந்த வழி தெரியாமலிருக்கப் பைக்குள் போட்டுக் கட்டிக் கொண்டுவருவோம். வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டி வைகைக்கு அக்கரையில் விட்டுவிட்டு வருவோம். மூன்றாம் நாள் அது அடுப்படியில் உட்கார்ந்திருக்கும். இதை அமெரிக்க விலங்கியலாளர் பிரான்சிஸ் ஹெரிக் 1922-இலேயே சோதித்து எழுதினார். குட்டிகளிடமிருந்து பிரித்த ஒரு தாய்ப்பூனையை மைல் கணக்கான தொலைவில் வெவ்வேறு திசைகளில் கொண்டுபோய் விட்டார். அது திரும்பத் திரும்ப வீடு வந்து சேர்ந்தது. பூனை ஆளோடு வருவதைவிட இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் பிராணி. அதனால்தான் புது வீட்டுக்குக் கொண்டுவந்த பூனையை மூன்று, நான்கு வாரமாவது வெளியில் விடக்கூடாது என்கிறார்கள். விட்டால் பழைய இடத்தைத் தேடிப் புறப்பட்டுவிடும். சென்னை ஐந்நூறு கிலோமீட்டர். மொச்சை எங்கே போய்ச் சேரும்?

பூனையை நாம் வேட்டையாடும் விலங்காகவே பார்த்துப் பழகிவிட்டோம். அதன் எடையோ மூன்று, நான்கு கிலோ. எலிக்கு அது எமன். நாய்க்கும் நரிக்கும் பெரிய கழுகுக்கும் அதுவே இரை. இப்படி இரண்டுக்கும் நடுவில் வாழும் உயிருக்குத் தெரியாத இடம் என்றால் முதலில் ஒளிந்துகொள்ள வேண்டும், ஒளிந்த இடத்திலிருந்து கேட்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும். பூனையின் கன்னத்திலும் மோவாயிலும் நெற்றியிலும் வாலடியிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. தூண், கதவு நிலை, மேசைக்கால் என்று அது உரசிக்கொண்டே போவது தன் வாசனையை அங்கங்கே பூசி வைப்பதற்காக. பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் பாட்ரிக் பஜா 1990-களில் கன்னச் சுரப்பின் கூறுகளைப் பிரித்துப் பார்த்து, அவற்றில் ஒன்று பொருள்கள்மேல் பூசப்படுவது, பழகிய இடம் என்ற நிம்மதியைப் பூனைக்குத் தருவது என்று காட்டினார். எங்கள் வீட்டில் எதிலும் மொச்சையின் வாசனை இல்லை. பித்தளையும் பழைய மண்ணும், பக்கத்துத் தெருவில் காயும் இலவங்காயின் தூசியும், எழுபது வருஷத்துச் சமையல் புகையும்தான் இருந்தன. அதன் மூக்குக்கு அது யாரோ ஒருவர் வீடு.

காப்பகத்துப் பூனைகளை வைத்தே ஒளிவதன் பயனை அளந்து பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிளாடியா விங்கேவும் குழுவும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் புதிதாக வந்த 19 பூனைகள். 10 பூனைகளின் கூண்டில் ஆளுக்கொரு அட்டைப்பெட்டி, நுழைந்து ஒளிந்துகொள்ள. மற்ற 9-க்குப் பெட்டி இல்லை. மூன்றாம் நாளே பெட்டி கிடைத்த பூனைகளின் பதற்றம் இறங்கத் தொடங்கிவிட்டது; மற்றவை அந்த நிலைக்கு வர இரண்டு வாரம் பிடித்தது. பெட்டிக்குக் காசே கிடையாது. பலசரக்குக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். பூனை தத்தெடுக்கும் ஒரு குடும்பம் முதலில் வாங்க வேண்டியது எது என்று என்னைக் கேட்டால், விலையில்லாத அந்தப் பெட்டியைத்தான் சொல்வேன். எங்கள் வீட்டில் அது குலுக்கைச் சந்து வடிவில் முன்பே இருந்தது.

அண்ணன் மகள் ஒன்றைச் சரியாகச் செய்தாள். யாரையும் கையை விட்டு இழுக்க விடவில்லை. சந்தின் வாயில் ஒரு தட்டு, ஒரு கிண்ணம் தண்ணீர். எட்டத்தில், வீடு கட்டி மிஞ்சிய மணலை நிரப்பிய ஒரு பழைய பிளாஸ்டிக் டப். மணலைப் பூனைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பாலைவன ஓரத்து முன்னோரிடமிருந்து வந்த பழக்கம், தோண்டி மூடுவது. காலையில் எழுந்ததும் தட்டைப் பார்ப்போம். முதல் ராத்திரி வைத்தது வைத்தபடி. இரண்டாம் ராத்திரி மீனில் பாதியைக் காணோம், மணலில் ஒரு குழி மூடியிருந்தது. அப்போதுதான் அவள் முகம் தெளிந்தது.

அவள் பயந்ததற்குக் காரணம் உண்டு. நாய் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் தேறிவிடும். பூனை அப்படியல்ல. சாப்பாடு நின்றால் அதன் உடம்பு சேமித்த கொழுப்பை மொத்தமாக ஈரலுக்கு அனுப்புகிறது. பூனையின் ஈரலுக்கு அந்தச் சுமையைச் செரித்து வெளியேற்றத் தெரியாது. சில நாள்களில் ஈரல் கொழுப்பேறிச் செயலிழக்கும். கொழுத்த பூனைக்கே ஆபத்து அதிகம். புதுப்பூனை ஒளிந்திருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்; இரண்டு நாள் ஒரு வாய்கூடத் தின்னாமல் இருந்தால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பட்டினி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சென்னைத் துறைமுகத்தில் 2020 பிப்ரவரியில் வந்து சிக்கிய பூனையைப் பலர் மறந்திருக்கலாம். சீனாவிலிருந்து பொம்மைகள் ஏற்றி வந்த கன்டெய்னரைத் திறந்தபோது உள்ளே இருந்தது. கொரோனா அச்சம் உச்சத்தில் இருந்த நேரம். அதைச் சீனாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்கள். விலங்கு நல அமைப்பான பீட்டா இந்தியா எதிர்த்தது: இத்தனை நாள் கடல் பயணத்தைச் சோறு தண்ணீர் இல்லாமல் ஒரு பூனை தாங்குமா, வழியில் வேறு துறைமுகத்திலோ இங்கேயோ ஏறியிருக்கலாமே என்று கேட்டது. உடலியல்படி அது நியாயமான கேள்வி. இரண்டு மாதத்துக்கும் மேல் அடைபட்டுக் கிடந்து, ஏப்ரலில் அந்தப் பூனை விடுதலையானது. பூனைக்குக் கொரோனா தொற்றும் என்று அந்த ஆண்டே ஆய்வுகள் காட்டின. நோய் பெரும்பாலும் நம்மிடமிருந்தே அதற்குப் போயிற்று. சாக்கில் கட்டி விடுவது போலத்தான் கப்பலில் திருப்பி அனுப்புவதும். எனக்கு அந்தச் செய்தி ரொம்ப நாள் மனதைவிட்டுப் போகவில்லை.

குலுக்கைக்குப் பின்னால் பூனை போய் ஒளிந்தது தற்செயல். ஆனால் பூனை மனிதனிடம் வந்து சேர்ந்த கதையும் ஒரு குலுக்கையில்தான் தொடங்குகிறது.

பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் மனிதர்கள் கோதுமையும் பார்லியும் விதைத்து, அறுத்து, சேர்த்து வைக்கக் கற்றார்கள். தானியம் சேர்ந்த இடத்தில் எலி சேர்ந்தது. எலி சேர்ந்த இடத்துக்கு, வறண்ட புதர்க்காடுகளில் தனியாகத் திரிந்த ஒரு காட்டுப்பூனை வந்தது. ஆட்டையும் மாட்டையும் போல யாரும் அதைப் பிடித்துக் கட்டவில்லை. மனிதர் கிட்ட வந்தால் பத்தடியில் ஓடுகிற பூனையைவிட ஐந்தடியில் ஓடுகிற பூனைக்குக் கூடுதல் எலி கிடைத்தது. அதன் குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன. இப்படித் தலைமுறை தலைமுறையாகத் தன்னைத் தானே பழக்கிக்கொண்ட விலங்கு அது. மரபியலாளர் கார்லோஸ் டிரிஸ்கோலும் சகாக்களும் 2007-இல் வீட்டுப்பூனை, காட்டுப்பூனை என்று 979 பூனைகளின் டி.என்.ஏ-வை ஒப்பிட்டு, உலகத்து வீட்டுப்பூனைகள் எல்லாம் அந்த மேற்காசிய, வட ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வழியில் வந்தவை என்று நிறுவினார்கள். கடமலைக்குண்டு பஞ்சுக் கிட்டங்கியில் கிடக்கும் குட்டிக்கும் அதுதான் பாட்டி.

சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில் தொல்லியலாளர் ழான் டெனி விஞ் குழுவினர் கண்டெடுத்த புதைகுழியை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். ஒரு மனிதர், அவரிடமிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளித் தனிக்குழியில் முழு உடலாக ஒரு பூனை, எட்டு மாதம் இருக்கும். இரண்டும் ஒரே திசை பார்த்துப் படுக்க வைக்கப்பட்டிருந்தன. வயது 9,500 ஆண்டு. சைப்ரஸில் இயற்கையாகப் பூனையே கிடையாது. யாரோ படகில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இதே கதை சீனாவில் வேறுமாதிரி முடிந்தது. 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய சுவான்ஹூசுன் என்ற உழவர் ஊரில் கிடைத்த பூனை எலும்புகளை முதலில் வீட்டுப்பூனை என்றே நினைத்தார்கள். 2016-இல் தாடை எலும்பின் வடிவத்தை நுணுக்கமாக அளந்தபோது அது சிறுத்தைப் பூனை என்று தெரிந்தது. அதுவும் தானியத்தை ஒட்டி வந்த எலியை ஒட்டி வந்ததுதான். ஆனால் அது நிற்கவில்லை, காடு திரும்பிவிட்டது. இன்றைய சீனத்து வீட்டுப்பூனைகள் அதன் வாரிசுகள் அல்ல. அந்தச் சிறுத்தைப் பூனை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் வருசநாட்டு மலையும் மேகமலையும் 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. மனிதரோடு நெடுங்காலம் இருந்து பார்த்துவிட்டுக் காட்டையே தேர்ந்த ஒரு பூனையினம் அந்த மலையில். இருந்துவிட்ட பூனையினம் எங்கள் குலுக்கைக்குப் பின்னால். இரண்டுக்கும் நடுவில் இருபது மைல்கூட இல்லை.

பழைய தமிழில் காட்டுப்பூனைக்கு வெருகு என்று பெயர். அந்த வெருகைப் பூசை என்று அழைப்பதும் மரபுதான் என்று ஒப்புகிறது தொல்காப்பியத்தின் மரபியல். கம்பம்மெட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் இறங்கினால் வீட்டுப்பூனைக்கு இன்றும் பூச்சை என்றே பெயர். காட்டில் இருப்பதற்கும் வீட்டில் இருப்பதற்கும் ஒரே சொல் போதும் என்று நினைத்தவர்கள் பூனையை நன்றாகக் கவனித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். 2014-இல் பூனையின் மரபணுத் தொகுப்பைக் காட்டுப்பூனையோடு ஒப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். நாய்க்கும் ஓநாய்க்கும் உள்ள இடைவெளி இங்கே இல்லை. பயம், நினைவு, பரிசுக்குப் பழகுதல் ஆகியவற்றோடு தொடர்புள்ள கொஞ்சம் மரபணுக்களில்தான் மாற்றம்.

அப்படியானால் ஒரு பூனை மனிதரிடம் ஒட்டுவதும் ஒட்டாததும் எதில் இருக்கிறது? பெரும்பகுதி, பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையிலான சின்னஞ்சிறு காலத்தில். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980-களில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. அந்த வாரங்களில் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி வாழ்நாள் முழுவதும் மனிதரை நாடுகிறது. படாத குட்டி, பிறகு எவ்வளவு பால் ஊற்றினாலும், பத்தடி தள்ளியே நிற்கிறது. மொச்சை ஒளிந்திருந்தாலும் சீறவில்லை. டார்ச் வெளிச்சத்தில் காதைப் பின்னால் மடக்கவில்லை. சென்னையின் ஏதோ ஒரு தெருவில் அதன் ஆறாவது வாரத்தில் யாரோ ஒரு கை அதைத் தடவியிருக்கிறது. ஒரு டீக்கடைக்காரராக இருக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கலாம். எங்கள் வீட்டுக்கு மொச்சை கிடைத்தது அந்தக் கையால்.

இனி அம்மாவின் இரண்டாவது கேள்வி, அறுபட்ட காது.

அது காயம் அல்ல, அடையாளம். கருத்தடை அறுவை செய்யும்போது, மயக்கத்தில் இருக்கையிலேயே காது நுனியில் ஒரு சிறு பகுதியை நேர்கோடாக வெட்டிவிடுவார்கள். பிறகு அந்தத் தெருவில் பூனை பிடிக்க வருபவர் தூரத்திலிருந்து பார்த்தே விட்டுவிடலாம். இரண்டாம் முறை வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. பெட்டைப் பூனைக்கு நான்கைந்து மாதத்திலேயே சினைப் பருவம் வந்துவிடும். கடுவனோடு சேர்ந்த பிறகே கருமுட்டை வெளியாகும் உடலமைப்பு அதற்கு. அதனால் சேர்க்கை பெரும்பாலும் வீண்போவதில்லை. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருப்பதும் உண்டு. சினைக்காலம் 63 நாளை ஒட்டி. பால் மறப்பதற்குள் அடுத்த சினை. குட்டிகளில் பெரும்பாலானவை வண்டியில் அடிபட்டும் நோயிலும் நாய் கடித்தும் சாகும். அந்தச் சாவைக் குறைக்கப் பிறப்பைக் குறைப்பது ஒன்றே வழி.

இந்தியாவில் இதை முதலில் கையிலெடுத்த ஊர் சென்னை. விமானி கேப்டன் வி.சுந்தரம் 1959-இல் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்ததில் தொடங்கியது ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து விடலாம் என்ற திட்டத்தை 1964-இலேயே அது தொடங்கியது. அந்த எண்ணம் மத்திய அரசின் விதியாக வர 2001 ஆயிற்று. இன்று ஒரு காப்பகத்திலிருந்து தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்த பூனையை ஒரு குடும்பம் கையெழுத்துப் போட்டு வாங்கிவர முடிகிறதென்றால் அதற்குப் பின்னால் அறுபது ஆண்டு உழைப்பு இருக்கிறது. பேத்தி இதையெல்லாம் சொன்னதும் அம்மா, "அப்ப நம்ம கிட்டங்கிப் பூனைகளுக்கும் பண்ணலாம்ல?" என்றார். அவர் ஐந்து பெற்று இரண்டைப் பறிகொடுத்தவர்.

மூன்று நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செவலை, கருப்பு இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் அது அநேகமாகப் பெட்டைதான். செவலைக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு எக்ஸ் இரண்டு. கரு வளரும்போது ஒவ்வொரு செல்லும் அவற்றில் ஏதாவது ஒன்றை அணைத்துவிடுகிறது என்று மேரி லயன் 1961-இல் சொன்னார். எந்தச் செல் எதை அணைத்தது என்பதன் வரைபடமே மொச்சையின் முதுகு. அந்த மரபணு எது என்பதை ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழுவும் தனித்தனியே கண்டுபிடித்து 2025-இல் வெளியிட்டன: எக்ஸ் குரோமோசோமில் ஐயாயிரம் எழுத்து நீளத்தில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது. அந்த இழப்புதான் செவலை நிறம்.

ஐந்தாம் நாள் வீட்டில் சண்டை. அம்மா பால்சோறு வைத்துவிட்டார். பேத்தி எடுத்துவிட்டாள்.

எனக்கு இருவர் பக்கமும் புரிந்தது. பால்சோறு தின்னாத பூனை எங்கள் ஊரில் இல்லை. ஆனால் அந்தப் பூனைகள் பால்சோற்றால் உயிர் வாழவில்லை. எலியால், ஓணானால், மீன் தலையால் வாழ்ந்தன. குட்டிப்பருவம் கடந்த பெரும்பாலான பூனைகளுக்குப் பாலின் லாக்டோஸ் செரிக்காது, வயிற்றால் போகும். இனிப்பு அதற்குத் தெரியவே தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பியின் ஒரு பாதியை உண்டாக்கும் மரபணு பூனையில் பழுதாகிக் கிடப்பதை 2005-இல் மோனெல் ஆய்வு மையத்தினர் காட்டினார்கள். பாலை அது தேடுவது கொழுப்புக்காக. எல்லாவற்றையும்விட முக்கியம் டாரின் என்ற பொருள். நம் உடம்பும் நாயின் உடம்பும் அதைத் தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடம்பால் தேவைக்குத் தயாரிக்க முடியாது, இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெட்டுக் கண் போகும் என்று 1975-இலும், இதயத் தசை தளர்ந்துபோகும் என்று 1987-இலும் கண்டறிந்தார்கள். மீன், கோழியின் இதயம், தொடைக்கறி ஆகியவற்றில் அது நிறைய உண்டு. தண்ணீரில் கரையக்கூடியது, ஆகவே வேகவைத்தால் வெந்த நீரையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

கறிக்குழம்பில் இருந்து ஒரு துண்டை எடுத்துப் போடுவது நம் வீடுகளில் சாதாரணம். அந்தக் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் கரைந்திருக்கும். இரண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைக்கும்போதே, உப்பும் வெங்காயமும் போடுமுன், பூனைக்கான துண்டை எடுத்து வைத்துவிடலாம். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பூனைக்கு உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் மாத்திரையில் துளி கிள்ளிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் வேலை செய்வதில்லை. ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும்.

சண்டை எப்படியோ முடிந்தது. ஆறாம் நாளிலிருந்து அம்மாவே காலையில் மீன்காரரிடம் சாளை வாங்கி, மஞ்சள்கூடப் போடாமல் வேகவைத்தார்.

வீட்டில் எல்லோருக்கும் முன்னால் மொச்சை போனது அம்மாவிடம்தான். பேத்தி தரையில் படுத்துக்கொண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். அண்ணன் பந்து உருட்டினார். அம்மா ஒன்றும் செய்யவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்கட்டுத் தரையில், குலுக்கைக்கு நேர் எதிரே, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். முந்தானையால் முகத்தைத் துடைப்பார். கண் சொருகும், திறக்கும், சொருகும். பதினோராம் நாள் மூன்று மணி இருக்கும். சந்தின் வாயில் ஒரு வெள்ளை முகம் தெரிந்தது. அம்மா அதைப் பார்த்தார். பார்த்தபடியே கண் மூடியது. அந்த முகமும் பாதிக் கண்ணை மூடித் திறந்தது. பிறகு முன்னங்கால் ஒன்று வெளியே வந்தது. வாசல்படியில் நின்ற நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அது சுவரோரமாகவே வந்து அம்மாவின் பெருவிரலை மோந்தது, குதிகாலை மோந்தது, பிறகு தலையைச் சாய்த்துக் கன்னத்தை அவர் கணுக்காலில் ஒரு இழுப்பு இழுத்துத் தேய்த்தது.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் டாஸ்மின் ஹம்ப்ரியும் கேரன் மெக்கோம்பும் 2020-இல் இதைத்தான் சோதித்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் பூனையைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்துவிட்டுக் கையை நீட்டினால், வெறுமனே கை நீட்டியதைவிட அதிகமாகப் பூனைகள் நெருங்கி வந்தன. வெறித்துப் பார்ப்பது பூனை உலகில் சண்டைக்கு அழைப்பு. சொருகும் கண் அந்த அச்சத்தைத் தளர்த்துகிறது. சூரிச்சில் டென்னிஸ் டர்னர் வீடு வீடாகச் சென்று நேரம் குறித்துப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. மனிதர் போய்த் தொட்டுத் தொடங்கும் உறவாடல் சீக்கிரம் முடிகிறது. பூனையாக வந்து தொடங்குவது நீள்கிறது. பூனைப் பிரியர்கள் கூடியிருக்கும் அறையில் பூனையைப் பிடிக்காத ஒருவர் மடியில் அது போய் ஏறுவதற்கு இதுதான் காரணம். அவர்தான் அதை வெறித்துப் பார்க்காதவர், கை நீட்டாதவர். அம்மாவின் மதியத் தூக்கம் சசெக்ஸையும் சூரிச்சையும் ஒன்றாக்கிவிட்டது.

அன்று சாயங்காலம் முதல்முறையாக அதன் தொண்டையில் அந்தக் குறுகுறு ஒலி கேட்டது. அம்மா கையை எடுக்காமல், "உள்ள மோட்டார் ஓடுதுடா" என்றார். மூளை நொடிக்கு இருபது, முப்பது முறை தசையைச் சுண்டிச் சுண்டித்தான் அந்த ஒலி வருகிறது என்று நெடுங்காலம் நினைத்திருந்தோம். வியன்னாவின் கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட் குழு 2023-இல், நோயில் இறந்த 8 பூனைகளின் குரல்வளையில் வெறும் காற்றைச் செலுத்தியே அந்த ஒலியை எழுப்பிக் காட்டியது. குரல்நாண்களில் பதிந்திருக்கும் தடித்த திசுத்திண்டுகள் அவற்றைக் கனமாக்கி மெதுவாக அதிர வைக்கின்றன. பசிக்கிறபோது அந்தக் குறுகுறுப்புக்குள் குழந்தை அழுகையை ஒட்டிய அதிர்வெண்ணில் ஒரு சன்னமான அழைப்பைப் பூனை கலந்துவிடுகிறது என்றும் மெக்கோம்ப் குழு 2009-இல் எழுதியது. பிள்ளை பெற்று வளர்த்த அம்மா அந்த அழைப்பைக் கேட்ட முதல் நாளே எழுந்து சாளையை எடுத்தார்.

மூன்றாம் வாரம் தேனிக்குக் கொண்டுபோய் ரேபிஸ் தடுப்பூசியின் தவணையைப் போட்டு வந்தோம். வெறிநாய்க்கடி என்ற பெயராலேயே நாம் ஏமாந்துவிடுகிறோம். பூனையின் பல்லும் அந்த வைரஸைக் கடத்தும். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனையில் அன்றே ஊசி தொடங்க வேண்டும். பூனைக்குப் பூனை பரவும் பான்லூக்கோபீனியாவும் கொடிது. நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோவின் நெருங்கிய உறவு. ஒரு வீட்டில் பூனை அதில் செத்தால் அந்த இடத்தில் ஓராண்டு வரைகூட வைரஸ் தங்கும். குளோரின் கலந்த பிளீச்சிங் கரைசலில் கழுவினால்தான் போகும். காடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊரில் இந்தத் தடுப்பூசிகள் மலையிலிருக்கும் பூனைகளுக்கும் சேர்த்துத்தான். ஒன்றரைக் கிலோ அளவே உள்ள செம்புள்ளிப் பூனை, உலகின் மிகச்சிறிய பூனையினங்களில் ஒன்று, தென்னிந்தியக் காடுகளில் உண்டு. நம் வீட்டு நோயை அதனிடம் அனுப்ப நமக்கு உரிமை இல்லை. இரவில் மொச்சையை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது என்று முடிவு செய்தோம். குருவிகளுக்கும் அது நல்லது.

நாற்பதாம் நாள் வாசல் கதவைத் திறந்து வைத்தோம். பங்குனி வெயில். எதிர்க் களத்தில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. மொச்சை நிலைப்படியில் நின்று இரண்டு பக்கக் கட்டையிலும் கன்னத்தைத் தேய்த்தது. இரண்டு படி இறங்கியது. ஒரு பஞ்சுத் துணுக்கு மூக்கில் வந்து உட்கார, முன்னங்காலால் தட்டியது. அப்போது வருசநாட்டுப் பக்கமிருந்து வந்த லாரி தெருமுனையில் ஹாரன் அடித்தது. ஒரே பாய்ச்சல். முற்றம் தாண்டி, எங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து, நேரே குலுக்கைக்குப் பின்னால்.

அம்மா எழுந்து போய்ச் சாளைத் தட்டை எடுத்துவந்து சந்தின் வாயில் வைத்துவிட்டு, எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.